நான்கு ரோஜாக்களின் ஊரில்

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 40 மைல் பிரயாணம் செய்தால் பார்ட்ஸ்டவுன் என்னும் சிற்றூரை அடையலாம். வழி நெடுகப் பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலங்கள். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் குன்றுகள். மரவேலிகளுக்கு அப்பால் குதிரைகளும் கறவை மாடுகளும். இவற்றினிடையே ஆங்காங்கே, ஆறேழு மாடி உயரத்தில், சிறு சிறு சன்னல்கள் மட்டுமே கொண்ட நெடிய கட்டிடங்கள் கூட்டம் கூட்டமாக நிற்பதைக் காணலாம். புதிதாக வருகிறவன் அவற்றைச் சிறைச்சாலை என்றோ தானியக் களஞ்சியம் என்றோதான் எண்ணுவான். உள்ளே மனிதர் எவரும் வசிப்பதில்லை. ஓக் மரப் பீப்பாய்கள் மட்டுமே வரிசை வரிசையாகப் படுத்துறங்குகின்றன. 2025-ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் இவ்வாறு உறங்கிய பீப்பாய்களின் எண்ணிக்கை 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். மாநிலத்து மக்கள் தொகையோ 45 லட்சத்தைச் சுற்றியது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு மூன்று பீப்பாய்க்கு மேல் வருகிறது!

அப்பீப்பாய்களில் இருப்பது போர்பன் விஸ்கி. மதுவைப் பற்றிச் சங்க இதழில் எழுதலாமா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. ஓர் ஊரின் மண்ணும், நீரும், வெயிலும், பனியும், மக்களின் பொறுமையும் பேராசையும் ஒரு புட்டிக்குள் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பது பிரயாணிகள் அறிந்துகொள்ளத் தக்க விஷயமே. அதிலும், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் எண்ணிக்கை வரையறுத்து வெளிவரும் அபூர்வப் புட்டிகளின் கதை தனிக் கதை. அவற்றுக்காக மனிதர் விடியுமுன் கடைவாசலில் காத்து நிற்கின்றனர். குலுக்கல் சீட்டில் பெயர் விழுமா என்று தவம் கிடக்கின்றனர்.

போர்பன் என்றால் என்ன என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. அமெரிக்காவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடித்த சாராயத்தை, உட்புறம் கரியாகும்படி எரிக்கப்பட்ட புதிய ஓக் கலத்தில்தான் ஊற்றி வைக்க வேண்டும். ஊற்றும்பொழுது அதன் வீரியம் நூற்றுக்கு 62.5-ஐத் தாண்டலாகாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. 1964-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் இதனைத் தம் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானமும் நிறைவேற்றியது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆயினும் பெரும்பகுதி இங்குதான் உற்பத்தியாகிறது. காரணம் கேட்டால் எல்லாரும் காலடியைக் காட்டுவார்கள். பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல் பாறை. அதனூடே கசிந்து வரும் நீரில் இரும்பு நீங்கிவிடுகிறது. இரும்பு கலந்த நீரில் வடித்தால் விஸ்கி கறுக்கும்; சுவையும் கெடும். அதே சுண்ணாம்புச் சத்து புல்லில் ஏறுவதால்தான் இங்குள்ள பந்தயக் குதிரைகளுக்கு எலும்பு உறுதியாக இருக்கிறது என்றும் இவ்வூரார் சொல்லிக்கொள்வதுண்டு.

பார்ட்ஸ்டவுனை அடையுமுன்னரே காக்ஸ் கிரீக் என்னும் கிராமம் வருகிறது. ஃபோர் ரோசஸ், அதாவது ‘நான்கு ரோஜாக்கள்’ என்ற பெயருடைய வடிசாலையின் கிடங்குகள் இங்கே உள்ளன. மற்றக் கம்பெனிகளின் கிடங்குகளைப் போல அவை மாடி மாடியாக உயர்ந்தவை அல்ல. ஒரே தளம், அதில் ஆறு அடுக்குப் பீப்பாய்கள், அவ்வளவே. உயர்ந்த கிடங்கில் உச்சி மாடியில் கோடையில் அனல் பறக்கும். கீழ்த்தளத்தில் குளுமை தங்கும். ஒரே நாளில் ஊற்றிய சாராயம் மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் முதிரும். அந்த வேற்றுமையைக் குறைத்து, எல்லாப் பீப்பாய்களையும் ஒரே சீராக முதிரவிடுவதுதான் தாழ்ந்த கிடங்கின் நோக்கம்.

பீப்பாய்க்குள் நடப்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சுவையின் இரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். உள்ளே போகும்பொழுது சாராயம் தண்ணீரைப் போலத் தெளிந்திருக்கும். கோடையில் வெப்பத்தால் விரிந்து, கரியைக் கடந்து மரத்துக்குள் ஊறும். குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வரும். வரும்பொழுது மரத்திலிருந்து சிலவற்றைக் கொண்டுவருகிறது. மரத்தின் உறுதிப் பொருளான லிக்னின் தீயில் சிதைந்து வனிலா மணம் தருகிறது. மரத்துச் சர்க்கரைகள் கருகிப் பாகின் நிறத்தையும் இனிப்பையும் தருகின்றன. ஓக் மரத்துக்கே உரிய ஒருவகை எண்ணெய்ப் பொருள் தேங்காயின் வாசனையைத் தருகிறது. தேயிலையில் உள்ளது போன்ற துவர்ப்பும் மரத்தினுடையதே. இப்படி ஆண்டுக்கு ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே என்று மரம் சாராயத்தைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது.

சுவாசிப்பதற்குக் கூலியும் உண்டு. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஆவியாகிப் போகிறது. இதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். ஆண்டுக்கு நான்கு என்றே வைத்துக் கணக்கிடுங்கள். 200 லிட்டர், 15 ஆண்டுகளில் 108 லிட்டராகச் சுருங்கிவிடும். பழைய விஸ்கி ஏன் அபூர்வம், ஏன் அதிக விலை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே பாதி விடை.

தேவதைகளின் பங்கு என்று பெயர் வைத்தவர், அப்பங்கு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பார்க்கவில்லை போலும். கிடங்குகளைச் சுற்றியுள்ள மரங்களின் அடிப்பாகம் புகை படிந்தாற்போல் கறுத்திருப்பதைக் கண்டு, தீ விபத்து ஏதேனும் நேர்ந்ததோ என்று விசாரித்தேன். தீ அன்று, பூஞ்சணம். காற்றில் கலந்த சாராய ஆவியை உண்டு வாழும் ஒருவகைக் கரும்பூஞ்சணம். பாடோய்னியா என்று 2007-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். மரத்தோடு நிற்பதில்லை. அண்டை வீடுகளின் சுவர், கூரை, வாசலில் நிற்கும் கார் எல்லாவற்றிலும் படிகிறது. தேய்த்துக் கழுவினாலும் திரும்ப வருகிறது. அண்டை வீட்டார் நியாயஸ்தலம் வரை சென்ற வழக்குகளும் உண்டு. அபூர்வப் புட்டியின் மேலுறையில் தங்க எழுத்து மின்னுகிறது. அதன் நிழல் எவர் வீட்டுச் சுவரிலோ படிகிறது. அவ்வீட்டாருக்கு அந்தப் புட்டியில் ஒரு துளி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

பார்ட்ஸ்டவுன் பழைமையான ஊர். செங்கல் கட்டிடங்களும் அமைதியான தெருக்களுமாக இருக்கிறது. அங்கு ஸ்பால்டிங் மண்டபத்தில் ஆஸ்கர் கெட்ஸ் விஸ்கி சரித்திரக் காட்சிசாலை உள்ளது. காட்சிப் பொருள்களில் என்னை நிறுத்தி வைத்தது, ஆபிரகாம் லிங்கன் பெயரில் வழங்கப்பட்ட மதுக்கடை அனுமதிப் பத்திரம். இளைஞராயிருந்த லிங்கனும் அவருடைய கூட்டாளியும் 1833-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் பெற்ற உரிமம் அது. ஊரின் பெயர் நியூ சேலம்! 1937-ஆம் ஆண்டு இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலத்தில் அன்றோ? பெயரொற்றுமை தற்செயலானதுதான், ஆயினும் காட்சிசாலையில் தனியே நின்று சிரித்துக்கொண்டேன்.

அமெரிக்கா முழுவதுமே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கில் இருந்தது. அந்நாட்களில் ஆறு கம்பெனிகளுக்கு மட்டும் ‘மருந்து விஸ்கி’ விற்க அனுமதி இருந்தது. வைத்தியர் சீட்டு எழுதித் தர வேண்டும்; ஒரு நோயாளிக்குப் பத்து நாளைக்கு ஒரு பைன்ட். அந்நாளில் திடீரென்று எத்தனை பேருக்கு உடம்புக்கு வந்ததோ! 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உடல்நலத்துக்காகவென்று ‘பர்மிட்’ வாங்கும் முறையைக் கண்டிருக்கும் பம்பாய் அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான்கு ரோஜாக்கள் கம்பெனி அன்று உயிர் தப்பியதும் இம்மருந்தினால்தான். பால் ஜோன்ஸ் என்பவர் 1888-ஆம் ஆண்டு இப்பெயரைப் பதிவு செய்தார். அவர் மணக்க விரும்பிய மங்கை, சம்மதமானால் நடன விருந்துக்கு ரோஜாக்கொத்து அணிந்து வருவேன் என்று சொல்லி, நான்கு சிவப்பு ரோஜாக்களுடன் வந்தாளாம். இது கம்பெனியார் சொல்லும் கதை. அழகாக இருப்பதால் நானும் சொல்லி வைக்கிறேன். 1922-இல் ஜோன்ஸ் கம்பெனி, மருந்து அனுமதி பெற்றிருந்த ஃபிராங்ஃபோர்ட் வடிசாலைக் கம்பெனியை வாங்கிப் பிழைத்தது. 1943-இல் சீக்ராம் என்னும் பெருங்கம்பெனி அதை விலைக்கு வாங்கியது.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். 1950-களின் இறுதியில் சீக்ராம் கம்பெனி இந்த நல்ல போர்பனைச் சொந்த நாட்டில் விற்பதையே நிறுத்திவிட்டது. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டும் அனுப்பியது. அமெரிக்காவில் அதே பெயரில், பல்வேறு சாராயங்களைக் கலந்த மட்டமான விஸ்கி ஒன்று விற்கப்பட்டது. டோக்கியோவில் மதிப்பு, பிறந்த ஊரிலோ இளப்பம்! 1966-இல் சீக்ராமில் சேர்ந்து, 1995-இல் தலைமை வடிப்பாளரான ஜிம் ரட்லெட்ஜ் என்பவர் இதைத் தாய்நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவர விடாமுயற்சி செய்தார். 2002-இல் ஜப்பானியக் கிரின் கம்பெனி வடிசாலையை வாங்கிய பிறகே அது கைகூடிற்று. பிறந்தகத்தில் பெயர் கெட்டவனுக்கு அயலூரில் வாழ்வு கிடைத்து, அயலூரார் தயவால் பிறந்தகத்தில் மீண்டும் மரியாதை கிடைத்த கதை. வேற்றூரில் குடியிருக்கும் நமக்கு இதன் சுவை சற்றுக் கூடுதலாகவே புரியும்.

வடிசாலை இருப்பது பார்ட்ஸ்டவுனுக்குக் கிழக்கே லாரன்ஸ்பர்க் என்ற ஊரில். 1910-ஆம் ஆண்டு கட்டியது. கென்டக்கியின் மற்ற வடிசாலைகள் செங்கல்லும் மரமுமாக இருக்க, இது மட்டும் ஸ்பானியப் பாதிரிமார் மடம் போல வெளிர்மஞ்சள் சுவரும் வளைவுகளும் ஓட்டுக்கூரையுமாக நிற்கிறது. பக்கத்தில் சால்ட் ஆறு ஓடுகிறது. உள்ளே நுழைந்ததும் நம்மை எதிர்கொள்வது புளித்த மாவின் வாசனை. இட்லி மாவு பொங்கி வழிந்த காலைப் பொழுதின் சமையலறையை நினைத்துக்கொண்டேன். பெருந்தொட்டிகளில் கூழ் தானாகக் கொதிப்பதுபோல் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த நீரில் ஒரு பகுதியைப் புதுக் கூழில் சேர்ப்பது இங்குள்ள வழக்கம். நம் வீட்டு உறைமோர் போன்றதென்று முதலில் தோன்றும், அப்படி அன்று. வடித்த நீரில் ஈஸ்ட் உயிரோடிருப்பதில்லை. வேண்டாத கிருமிகள் தலையெடுக்காமல் புளிப்பைச் சீராக வைப்பதற்கே அது. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் இம்முறையை அளந்து, சோதித்து, ஒழுங்குபடுத்தினார்.

மற்ற வடிசாலைகள் ஒன்றிரண்டு செய்முறைகளோடு நின்றுவிட, இங்கே பத்து. தானியக் கலவை இரண்டு: ஒன்றில் மக்காச்சோளம் 75, ரை தானியம் 20, முளைகட்டிய வாற்கோதுமை 5 பங்கு, மற்றதில் மக்காச்சோளம் 60, ரை 35, வாற்கோதுமை 5. ஈஸ்ட் ஐந்து வகை. ஒன்று மென்மையான பழ மணம் தரும்; ஒன்று முற்றிய பழத்தின் கனத்த மணம்; ஒன்று மசாலைக் காரம்; ஒன்று பூ; ஒன்று பச்சிலை. இரண்டையும் ஐந்தையும் பெருக்கினால் பத்து வித விஸ்கி. இவை தனித்தனியே பீப்பாயில் முதிர்கின்றன. சாதாரணப் புட்டியில் இவற்றைப் பலவாறாகக் கலக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வரையறுத்த பதிப்பில், பழைய பீப்பாய்களில் தேர்ந்த மூன்று நான்கு வகைகளை மட்டும் கலந்து, தண்ணீர் அதிகம் சேர்க்காமல் வீரியத்தோடு அடைக்கிறார்கள். உதாரணமாக, 125-ஆவது ஆண்டு நிறைவுக்காக 2013-இல் வந்த பதிப்பில் 18 ஆண்டு முதிர்ந்த ஒரு வகையும், 13 ஆண்டு முதிர்ந்த இரு வகைகளும் சேர்ந்தன. 18 ஆண்டு மட்டும் என்றால் மரம் மிஞ்சிக் கசக்கும். 13 மட்டும் என்றால் ஆழம் போதாது. பழையது இளையதைத் தாங்க, இளையது பழையதைத் தளிர்க்கச் செய்ய வேண்டும். கலப்பவரின் மூக்குதான் தராசு.

அந்த 2013-ஆம் ஆண்டுப் பதிப்பையே சுவைக்கும் வாய்ப்பு அன்று மாலை பார்ட்ஸ்டவுனில் கிட்டியது. என் நண்பரின் அண்டை வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எங்களைத் தம் வீட்டுத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். அவரிடம் அத்தகைய புட்டிகள் இரண்டு இருந்தனவாம். வீட்டுக் கூரை ஒழுகியது. பழுது பார்க்கப் பணம் வேண்டியிருந்தது. தனியார் தங்கள் பழைய புட்டிகளை உரிமம் பெற்ற கடைக்கு விற்கலாம் என்று 2018 முதல் கென்டக்கியில் சட்டம் வந்திருக்கிறது. ஒன்றை அவ்வாறு விற்றுவிட்டார். “மற்றதை உடனே திறந்துவிட்டேன், ஐயா! திறக்காவிட்டால் அதுவும் ஒருநாள் கூரையாகிவிடும்” என்று சொல்லி நகைத்தார். விற்றதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. “கூரையும் நல்ல கூரைதான்” என்று மேலே காட்டினார்.

அடிப்பகுதி பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் குவளைகள் இரண்டை என் முன் வைத்து, ஒவ்வொன்றிலும் நம் வீட்டுக் குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்களவே ஊற்றினார். ஒன்று அபூர்வப் பதிப்பு. மற்றது எந்தக் கடையிலும் கிடைக்கும் அதே வடிசாலையின் சாதாரணப் புட்டி. எது எதென்று சொல்லவில்லை. சுவைக்கும் முறையையும் கற்பித்தார். மூக்கைக் குவளைக்குள் நுழைக்கக் கூடாது. சாராயத்தின் காட்டம் ஏறி வேறு எதுவும் தெரியாது போய்விடும். குவளையை மோவாய்க்கு அருகில் பிடித்து, வாயைச் சிறிது திறந்துகொண்டு மெல்ல முகர வேண்டும். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. இரண்டாவது மிடற்றை வாயில் வைத்து, சோறு மெல்வதுபோல் மெல்ல வேண்டும். ஜிம் பீமின் பேரரான புக்கர் நோ என்னும் புகழ்பெற்ற வடிப்பாளர் அப்படித்தான் மெல்லுவாராம். ‘கென்டக்கி மெல்லல்’ என்றே அதற்குப் பெயர். விழுங்கிய பின் நெஞ்சில் பரவும் வெம்மைக்குக் ‘கென்டக்கி அணைப்பு’ என்று பெயர். இவ்வூரார் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்!

முதல் குவளையில் பேரிக்காயும் தேனும் மணத்தன. நாக்கில் இளங்காரம், சீக்கிரமே மறைந்தது. இனிமையான, சிக்கலில்லாத பொருள். இரண்டாவது குவளை முகர்ந்தவுடன் பேசவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. முதலில் ஒரு கருத்த இனிப்பு. சர்க்கரைப் பாகா என்றால் இல்லை. வெல்லமா என்றால் அதுவும் இல்லை. பிறகு கிராம்பு, ஏலம், வறுத்த கொப்பரை. விழுங்கிய பின் பழைய மர அலமாரியைத் திறந்தாற்போல் ஒரு வாசனையும், கெட்டித் தேநீரின் துவர்ப்பும் நெடுநேரம் தங்கின. நான்கைந்து துளி தண்ணீர் விடச் சொன்னார். விட்டவுடன் காட்டம் தணிந்து, காய்ந்த மகிழம்பூவை ஒத்த ஒரு மணம் எங்கிருந்தோ எழுந்தது. இதுவே பதிப்பு என்று சொன்னேன், ஆமென்றார்.

தமக்கு இதில் பட்டர்ஸ்காட்ச் மிட்டாயும், உலர்ந்த ஆப்ரிகாட் பழமும், குதிரைச் சேணத்துத் தோலும் தெரிவதாக அவர் சொன்னார். பட்டர்ஸ்காட்ச்சை நான் சிறுவயதில் அறியேன். சேணத்தோலை முகர்ந்ததும் இல்லை. அந்தக் கருத்த இனிப்பின் பெயர் அப்பொழுதுதான் எனக்குப் பிடிபட்டது. கருப்பட்டி! பனைமரத்துப் பதநீரை இறக்கிக் காய்ச்சுவதையும், அடுப்புப் புகையேறிய அந்த இனிப்பையும் அவருக்கு விளக்கினேன். அவர் தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, மூன்று முறை உச்சரிக்கச் சொல்லி, ‘கருப்பட்டி’ என்று அவர் எழுத்தில் எழுதிக்கொண்டார். விஸ்கியைப் பற்றிய புத்தகங்கள் மணங்களுக்குச் சொல்லும் பெயர்களெல்லாம் அவற்றை எழுதியவர்களின் சமையலறையிலிருந்து வந்தவை. நம் சமையலறையும் அதற்குக் குறைந்ததன்று. ஜாதிபத்திரியும் சுக்கும் கருப்பட்டியும் அறிந்த மூக்குக்கு அவர்களுடைய அகராதி தேவையில்லை.

அபூர்வப் பதிப்பு உண்மையில் மேலானதுதானா என்று வாசகர்கள் கேட்பீர்கள். மேலானதுதான், சந்தேகமில்லை. முதற்குவளை ஒரு செய்தியைச் சொல்லி முடித்தது. இரண்டாவது பேசிக்கொண்டே போயிற்று. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் விலையில் தெரிகிற தூரம் அன்று. கம்பெனி அச்சிடும் விலை ஒன்று. கைமாறும் விலை அதைப்போல் பல மடங்கு. அந்த மிகுதி விலை வடித்தவருக்கும் போவதில்லை, மக்காச்சோளம் விளைத்த குடியானவனுக்கும் போவதில்லை. பழைய பேப்பி வான் விங்கிள் என்ற பெயருடைய போர்பன்தான் இப்பித்தின் சிகரம். 2013-ஆம் ஆண்டு ஃபிராங்ஃபோர்ட் நகர வடிசாலையிலிருந்து அதன் 20 ஆண்டுப் புட்டிகள் ஏறத்தாழ 200 காணாமற் போனதாகப் புகார் எழுந்தது. துப்புத் துலங்கியபொழுது கைவரிசை காட்டியது உள்ளேயே வேலை பார்த்தவர் என்று தெரியவந்தது. இன்று அத்தகைய புட்டிகளை வாங்குவோரில் பலர் திறப்பதே இல்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டி, விலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: விஸ்கி முதிர்வது மரத்தில்தான், கண்ணாடியில் அன்று. 18 ஆண்டு முதிர்ந்தது புட்டியில் இன்னும் 20 ஆண்டு இருந்தாலும் 18 ஆண்டு முதிர்ந்ததே.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இதைக் கேட்பாரில்லை. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்க இளைஞர்கள் ஓட்காவை நாடிச் சென்றனர். போர்பன் கிழவர்களின் பானமாயிற்று. அப்பொழுதுதான் எல்மர் டி. லீ என்பவர் 1984-ஆம் ஆண்டு, ஒரே பீப்பாயிலிருந்து எடுத்து அடைத்த பிளான்டன்ஸ் என்னும் விஸ்கியை வெளியிட்டார். புக்கர் நோ 1988-இல் தண்ணீர் கலக்காத விஸ்கியைத் தம் பெயரிலேயே விற்றார். விற்காமல் தேங்கி, அதனாலேயே அதிகம் முதிர்ந்துபோன பீப்பாய்கள்தாம் பிற்கால அபூர்வப் புட்டிகள் பலவற்றுக்கும் முதல். இப்பொழுது சக்கரம் மறுபடி சுழல்கிறது போலும். முன் சொன்ன 1 கோடியே 60 லட்சம் பீப்பாய்களும் விற்றாக வேண்டுமே! ஜிம் பீம் கம்பெனி தன் முதன்மை வடிசாலையில் 2026-ஆம் ஆண்டு முழுவதும் வடிப்பை நிறுத்தி வைப்பதாக 2025 இறுதியில் அறிவித்தது. கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கென்டக்கியில் ஆண்டுதோறும் சொத்துவரி வேறு உண்டு. 2043-க்குள் படிப்படியாக அதை நீக்குவதென்று 2023-இல் சட்டம் செய்திருக்கிறார்கள். அவ்வரியை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்தும் சிற்றூர்கள் கவலையில் இருக்கின்றன.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலுறைகளில் நாம் காண்பதெல்லாம் முதலாளிமாரின் பெயர்கள். 1865-க்கு முன் இப்பகுதி வடிசாலைகள் பலவற்றில் பாடுபட்டவர்கள் கறுப்பின அடிமைகள். தெற்கே அடுத்த மாநிலமான டென்னஸியில், ஜாக் டேனியல் என்ற உலகப் புகழ் பெற்றவருக்கு வடிக்கும் கலையைக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்னும் அடிமை. அதை அக்கம்பெனி பலரறிய ஒப்புக்கொண்டு சொல்லத் தொடங்கியது 2016-ஆம் ஆண்டில்தான். கென்டக்கிக் கிடங்குகளில் பீப்பாய் உருட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மரியாதையும் கிட்டவில்லை.

ஒரு முறை பயன்படுத்திய பீப்பாயைப் போர்பனுக்கு மறுபடி பயன்படுத்தலாகாது என்பதால், காலியான பீப்பாய்கள் கப்பலேறிவிடுகின்றன. பெரும்பாலானவை ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. சில நம் நாட்டுக்கும் வருகின்றன. பெங்களூர் அம்ருத் வடிசாலையினர் தங்கள் மால்ட் விஸ்கியை இத்தகைய பீப்பாய்களிலும் ஊறவைத்து, 2004-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் முதலில் விற்பனைக்கு வைத்தார்கள். கென்டக்கிப் போர்பனுக்கு நம் நாட்டுச் சுங்கவரி 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நூற்றுக்கு 150-லிருந்து 100-ஆகக் குறைந்தது. என்றாலும் புட்டியைவிடக் காலிப் பீப்பாயே நமக்கு மலிவு என்று சொல்ல வேண்டும். அதே மரம்தான், வெயில் மட்டும் வேறு. கென்டக்கியில் ஆண்டுக்கு நான்கு பங்கு கேட்கும் தேவதைகள், பெங்களூரில் பத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பெறுவதை இங்கே நாலைந்து ஆண்டிலேயே இறக்கிவிட வேண்டியிருக்கிறது. இன்னும் வைத்திருந்தால் பீப்பாயில் எஞ்சுவது வெறும் மரவாசனைதான்.